மசகு: ஒரு சொல்லும் ஒரு மடக்குக் கத்தியும்



மசகெண்ணெய் என்னும் சொல்லைக் கற்பிக்கையில் அதன் வரலாற்றையும் நான் சொல்வதுண்டு. மசகு என்பது மாட்டுவண்டியின் அச்சுக்கு இட்ட மை. விளக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்து நம் முன்னோர் அதனை ஆக்கினர். 1909இல் இங்கிலாந்தில் பிறந்த காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயரும் விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரை ஒட்டியதே.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபின், தமிழர் பலர் கேமரன் மலையில் உழைத்தனர். சமவெளியின் எண்ணெய் வழக்கம் இக்குளிருக்குப் பொருந்தாது. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். மலையின் இரவுகளோ அதனினும் குளிர்ந்தவை. மடக்குக் கத்தியின் சுழலாணியில் அதனை இட்டால் காலையில் கத்தி எளிதில் விரியாது. நல்லெண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசுபிசுக்கும். விளக்கெண்ணெய் தடித்தது, தூசியைப் பற்றும். பழைய அழுக்கைத் துடைத்தபின், தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். பழம் நறுக்கும் கத்தியாயின் உணவுத் தரக் கனிம எண்ணெயே தக்கது.

தேயிலையின் இனத்தைச் சேர்ந்த காமெலியாவின் விதையெண்ணெயை ஜப்பானியர் வாள் துருப்பிடியாதிருக்கப் பூசினர் என்பதும் மாணவர்க்குச் சுவையான செய்தி.

மாட்டுவண்டி மறைந்தது, மசகு நிலைத்தது. சொல்லோடு அது பிறந்த தொழிலையும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அப்போதுதான் தோட்டத்தில் உழைத்தோரின் அறிவும் அவர்களுக்கு வரலாறாகும்.