கொள்ளிட மணலில் ஓர் இரவும், 1752-ல் லா துரை போட்ட கணக்கும்

போன வாரம் பேரன் கேட்டான்: "தாத்தா, லீவுல கேம்ப்பிங் போறோம். ஆத்தங்கரையில ஒரு ராத்திரி. கூடாரம், சாப்பாடு எல்லாம் அவங்களே தந்துடுவாங்க. நீங்க இந்த மாதிரி எங்கயாவது போயிருக்கீங்களா?"

போயிருக்கிறேன். ஆனால் பணம் கட்டவில்லை, கூடாரமும் இல்லை. அன்று மாலை ஆறு மணி வரை, போகப் போகிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

1976, மே மாதம், அக்னி நட்சத்திரம். திருவானைக்காவலில் ஒரு மாடியில் நாங்கள் நான்கு குமாஸ்தாக்கள் வாடகைக்கு இருந்தோம். அன்று கரண்ட் இல்லை. ஓட்டுக்கூரை பகல் முழுதும் வாங்கிய வெயிலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. "இந்த அடுப்புக்குள்ள எவன் படுப்பான்? வாங்கய்யா, ஆத்துக்குப் போவோம்" என்றார் எங்களில் மூத்தவர். அவ்வளவுதான் திட்டம். கடையில் இட்லி, கெட்டிச் சட்னி, ஒரு சீப்பு வாழைப்பழம். ஆளுக்கொரு பாய், ஒரு கூஜா, ஒரு டார்ச் லைட். அரை மணி நேரத்தில் கொள்ளிடத்தில் இறங்கிவிட்டோம்.

கோடைக் கொள்ளிடத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கரையிலிருந்து கரைக்கு மணல். நடுவே ஒரு பள்ளக்கால் இருந்தது, அதிலும் தண்ணீர் இல்லை. அதைக் கடந்து ஒரு மேட்டில் பாயை விரித்தோம். முழங்கையளவு தோண்டியதும் ஊற்று சுரந்தது. தெளியவிட்டுக் குடித்தோம். தெற்கே ஸ்ரீரங்கத்தின் பெரிய கோபுரம் அப்போது மொட்டைக் கோபுரமாகத்தான் நின்றது. பதின்மூன்று நிலைகளும் எழும்பிக் கும்பாபிஷேகம் ஆனது 1987-ல். அப்பால் மலைக்கோட்டை விளக்கு. எட்டு மணிக்குச் சுட்ட மணல் பத்து மணிக்குக் குளிர்ந்துவிட்டது. சொர்க்கம்.

நள்ளிரவு இருக்கும், ஒரு பெரியவர் வந்து எழுப்பினார். ஆற்றுக்குள் வெள்ளரி போட்டுக் காவல் இருந்தவர். "ஏந்திரிங்க தம்பி. மேக்க மின்னிக்கிட்டே இருக்கு. கரையில போயி படுங்க."

எங்கள் தலைக்கு மேல் வானம் நிறைய நட்சத்திரம். ஒரு சொட்டு மழை இல்லை. எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். ஆனாலும் பெரியவர் நகரவில்லை. வேறு வழியின்றிப் பாயைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்து புழுக்கத்தில் படுத்தோம். விடிந்து பார்த்தால், நாங்கள் கால் நனையாமல் கடந்த பள்ளக்காலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கால் அளவுதான். ஆனால் எங்கேயோ பெய்த மழை, சத்தமில்லாமல் ராத்திரியில் வந்திருந்தது.

அன்று அந்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பள்ளிக்கூடத்து லா துரை ஞாபகம் வந்தார்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் துய்ப்ளே பெரிய வீரர். இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் தோற்றதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, 1752-ல் திருச்சியில் படை நடத்திய ழாக் லா என்னும் தளபதி. பாரிஸில் பாங்க் நடத்தி 1720-ல் ஊரையே கவிழ்த்த ஜான் லாவின் தம்பி மகன். பிரான்சில் அந்தக் குடும்பப் பெயரை 'லாஸ்' என்று உச்சரிப்பார்கள். இங்கிலீஷும் கொஞ்சம் தெரிந்த நாங்கள், பெயரிலேயே நஷ்டம் இருக்கிறது என்று சிரிப்போம். பாடம் அதோடு முடிந்துவிடும். ஸ்ரீரங்கம் என்பது வரைபடத்தில் இரண்டு நீலக் கோடுகளுக்கு நடுவே ஒரு தீவு. அந்த நீலக் கோடு சித்திரை மாதத்தில் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நடந்தது சுருக்கமாக இது. 1749-ல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் இறந்தார். மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, முகமது அலிக்கு இங்கிலீஷ்காரர் துணை. 1751-ல் திருச்சி முற்றுகை தொடங்கியது. முகமது அலிக்கு மைசூர், தஞ்சாவூர், முராரி ராவின் மராத்தியர் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். 1752 மார்ச் கடைசியில் மேஜர் லாரன்ஸ், கிளைவையும் உடன் அழைத்துக்கொண்டு, 400 ஐரோப்பியர், 1100 சிப்பாய்களுடன் உதவிக்கு வந்தார்.

அவர்களை வழியில் மறிக்க லா காவல் வைத்த இடங்களில் ஒன்று, கைலாசபுரத்து வாசகர்கள் தினமும் பார்க்கும் இடம். திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் கோயில் மலை. அன்று அது ஒரு கோட்டை. இங்கிலீஷ்காரர் தம் புத்தகங்களில் அந்தப் பெயரை 'எல்மிசேரம்' என்று சிதைத்து எழுதினார்கள். லாரன்ஸின் படை அந்தக் காவலைத் தாண்டித் திருச்சிக்குப் போய்விட்டது. அன்றைய சண்டையில் குண்டு படாமல், வெயில் தாங்காமலே சில வெள்ளைச் சிப்பாய்கள் விழுந்து செத்தார்கள் என்று ராபர்ட் ஓர்ம் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். நம் ஊர் வெயில்!

சில நாளில், ஏப்ரல் தொடக்கத்தில், இங்கிலீஷ் படையில் ஒரு பகுதி எதிரி முகாமைத் தாக்க இரவில் புறப்பட்டது. வழிகாட்டி வழியைத் தவறவிட, விடியும்போது எதிரியின் காவல் இடங்களுக்கு நடுவே நின்றது. தாக்குதல் நடக்கவேயில்லை. ஆனால் லா மிரண்டுவிட்டார். தென்கரை முகாமைக் கலைத்து, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத் தீவுக்குள் போய்விட முடிவு செய்தார். சந்தா சாகிப் வேண்டாம் என்று மன்றாடியும் கேட்கவில்லை. அவசரத்தில் தூக்கிப் போக முடியாத தானியத்தையும் சாமான்களையும் கொளுத்திவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுப் படை திருவானைக்காவல் கோயிலில், சந்தா சாகிபின் ஆட்கள் ஸ்ரீரங்கம் கோயிலில்.

லாவின் கணக்கு எனக்குப் புரிகிறது. இரண்டு பக்கமும் ஆறு, நடுவே ஏழு மதிலுள்ள கோயில். ஐரோப்பாவில் படித்தவனுக்கு ஆறு என்றால் அகழி. அன்று மேட்டூரும் இல்லை, முக்கொம்பில் மேலணையும் இல்லை. மேலணை ஆர்தர் காட்டன் 1836-ல் தொடங்கியது, மேட்டூர் 1934-ல் முடிந்தது. ஆற்றைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாத காலம். மழை பெய்தால் வரும், இல்லாவிட்டால் போகும். அகழி என்று நம்பி அதன் நடுவே குடியேறலாமா?

சில நாளிலேயே பதில் வந்தது. கிளைவ் ஒரு படையுடன் ஓர் இரவில் இரண்டு ஆறுகளையும் கடந்து வடக்கே போய், சமயபுரத்தில் கோயில்களைப் பிடித்து உட்கார்ந்தார். பாண்டிச்சேரி பாதை அடைபட்டது. அங்கே ஓர் இரவு, ஓடிப்போன இங்கிலீஷ் சிப்பாய்களை முன்னே விட்டுப் பிரெஞ்சுப் படை ஏமாற்றி உள்ளே புகுந்தது. சத்திரத்தில் தூங்கிய கிளைவின் காலடிப் பெட்டி குண்டுபட்டு நொறுங்கியது, பக்கத்தில் படுத்திருந்த வேலைக்காரன் இறந்தான். கிளைவ் தப்பினார்.

கிழக்கே தஞ்சாவூர்த் தளபதி மாங்கோஜி கோவிலடியைப் பிடித்தார். துய்ப்ளே அனுப்பிய உதவிப் படை ஊட்டத்தூர் வரை வந்து பின்வாங்கியது. அதை விரட்டிய கேப்டன் டால்டன் லாரன்ஸிடம் திரும்ப நினைத்தபோது கொள்ளிடத்தில் வெள்ளம். மே மாதத்தில்! அவர் வடகரையிலேயே தங்கிக் கிளைவோடு சேர்ந்துகொண்டார். ஏப்ரலில் ஒரு சேனைக்கு வழி விட்டது, மே மாதத்தில் ஒரு சேனைக்கு வழி மறித்தது அதே ஆறு.

பிறகு கிளைவ் கொள்ளிட வடகரையில் பிச்சாண்டார்கோவிலைப் பிடித்து அங்கிருந்து தீவை நோக்கிச் சுட்டார். ஆற்றங்கரை முகாமிலிருந்த யானை, ஒட்டகம், மாடு, பெண்டு பிள்ளைகள் எல்லாம் கலந்து தெற்கே ஓடினார்கள். காவிரிக் கரைக்குப் போனால் திருச்சிக் கோட்டைப் பீரங்கி. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் லாவின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? சுமை தூக்கியவர்கள், மாடு ஓட்டியவர்கள், சோறு ஆக்கியவர்கள். பாடப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

சம்பளம் இல்லாத சந்தா சாகிபின் குதிரைப் படையில் பெரும் பகுதி விலகியது. அவரோ மாங்கோஜியின் வாக்கை நம்பித் தஞ்சாவூர் முகாமுக்குப் போனார். அங்கே தலை வெட்டப்பட்டது. அந்தத் தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சி மதிலை ஐந்து முறை சுற்றினார்கள். ஒரு காலத்தில் நாயக்க அரசி மீனாட்சியிடமிருந்து இதே திருச்சியைப் பறித்தவர் அவர். ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். அவரோடு சுமார் 800 ஐரோப்பியரும் 2000 சிப்பாய்களும். ஸ்ரீரங்கம் கோயிலில் இருந்த ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் மட்டும், மூன்றாம் மதிலுக்குள் யாரேனும் காலை வைத்தால் வெட்டுவோம் என்று நின்றார்கள். வென்றவர்களும் அதை மதித்து உள்ளே போகவில்லை.

துய்ப்ளே லாவைக் கைது செய்தார். இரண்டு வருஷத்தில், 1754-ல், துய்ப்ளேயையே பிரான்ஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. பிரெஞ்சுக் கொடி 1954 வரை பறந்தாலும், அந்தப் பெரிய கனவு இந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவில்தான் உடைந்தது.

லா கோழை என்று எங்கள் பாடம் சொன்னது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் இரவில், பயத்தில், தெரியாத இடத்தில் இறங்கியவர் அவர். நாங்களும் ஓர் இரவில், புழுக்கத்தில், தெரியாமல்தான் இறங்கினோம். எங்களுக்கு வெள்ளரிக் காவல்காரர் ஒருவர் வாய்த்தார், சொன்னதைக் கேட்டோம். லாவிடமும் சந்தா சாகிப் சொன்னார். இந்த நாட்டுக்காரர், திருச்சியையே ஆண்டவர். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆற்றுக்குள் ஒரு ராத்திரி படுக்கலாம், குடியிருக்க முடியாது என்று சொல்லக்கூடிய சம்சாரிகள் அந்தக் கரை நெடுக இருந்திருப்பார்கள். அவர்களை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மணல்ல இப்ப படுக்க முடியுமா தாத்தா?" என்றான். நாங்கள் படுத்த மேடு இப்போது இல்லை. மணல் அள்ளிய குழியில் கருவை முளைத்திருக்கிறது. எங்கள் தலைமாட்டில் நின்ற 1928-ம் வருஷத்துப் பழைய கொள்ளிடப் பாலமும் 2018 வெள்ளத்தில் இடிந்தது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை எறும்பீஸ்வரர் மலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். சின்ன மலைதான், என் முழங்கால் ஒத்துக்கொள்ளும். அங்கிருந்து வடமேற்கே ஸ்ரீரங்கத்தைக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு அவன் கேம்ப்பிங் போகட்டும். போகிற இடத்தில் முதலில் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.