செஞ்சிக் கோட்டையும் சைபர் போடாத மெமரியும்

திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற ரூட்டுல பஸ்ஸுல ஜன்னலோர சீட்டு கிடைச்சவங்களுக்குத் தெரியும். யாரோ லாரி லாரியா பாறாங்கல்லைக் கொண்டு வந்து கொட்டிட்டுப் போன மாதிரி மலைகள் வரும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் மதில் போட்டு வளைச்சா செஞ்சிக் கோட்டை. நம்மாளுங்களுக்கு செஞ்சின்னா ராஜா தேசிங்கு. வரலாற்று ஆசாமிகளுக்கு நாயக்கர், மராட்டியர், முகலாயர். பொட்டி தட்டுற எனக்கு அங்கே போனா ஞாபகம் வர்றது வேற: கெர்னல் ஒரு மெமரி பக்கத்தை ஒருத்தன்கிட்ட இருந்து வாங்கி இன்னொருத்தனுக்குக் கொடுக்குறப்போ என்ன பண்ணுதுங்கிறது. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

கோட்டை எத்தனை பேர் கை மாறியிருக்குன்னு பாருங்க. விஜயநகரத்துக்குக் கீழே நாயக்கர்கள். 1649ல் பீஜப்பூர் சுல்தான் படை. 1677ல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயத் தளபதி சுல்ஃபிகார் கான் 1690ல் ஆரம்பிச்ச முற்றுகை 1698 வரைக்கும் இழுத்தது. ராஜாராம் நழுவிட்டார், கோட்டை அவுரங்கசீப் கைக்குப் போச்சு. 1714ல் தேசிங்கு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோட மோதி செத்துப்போனார். 1750ல் புஸ்ஸி தலைமையில பிரெஞ்சுக்காரங்க. 1761ல் இங்கிலீஷ்காரங்க. நடுவுல 1780ல் ஹைதர் அலி வேற.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், வந்தவங்க எல்லாம் பேரை மாத்தினாங்க. பீஜப்பூர்காரங்க பாதுஷாபாத்னாங்க. மராட்டியர் சந்தின்னாங்க. முகலாயர் நுஸ்ரத்கட்னாங்க. இங்கிலீஷ்காரன் வாயில அது ஜிஞ்சி. மலை அதே மலைதான். கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு பளிச்னு புரியும்: பேர் விர்ச்சுவல் அட்ரஸ், மலை ஃபிசிக்கல் அட்ரஸ். பேஜ் டேபிள்ல ஒரு வரியை மாத்தினா ஓனர் மாறிட்டான்.

ஆனா உள்ளே இருந்ததை யாரும் அழிக்கலை. அதுதான் மேட்டர். நாயக்கர் கட்டின வெங்கட்ரமணர் கோயில், கல்யாண மகால், நெற்களஞ்சியம், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் ஒரே மதிலுக்குள்ள நிக்குது. முந்தின ஓனரோட டேட்டாவை அடுத்த ஓனர் தாராளமா படிக்கலாம், எடுத்துட்டும் போகலாம். போயிருக்காங்க. புதுச்சேரி பீச்சுல காந்தி சிலையைச் சுத்தி எட்டு கல்தூண் நிக்குதே, அதெல்லாம் செஞ்சியில இருந்து போனதுதான். எவ்வளவு பேர் அதுல சாஞ்சு போட்டோ எடுத்திருப்போம்!

கோட்டைக்கு இது நல்லது. இல்லேன்னா நாம எதைப் பார்க்கப் போவோம்? 2025ல் யுனெஸ்கோ மராட்டிய ராணுவத் தலங்கள்னு பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்போ, தமிழ்நாட்டுல இருந்து செஞ்சியும் அதுல போச்சு. கம்ப்யூட்டருக்கு இதே குணம் இருந்தா நாசம்.

ஏன்னு சொல்றேன். சாதாரண பொட்டியில மெமரியை 4096 பைட் துண்டு துண்டா பிரிச்சு வச்சிருப்பாங்க. ஒரு துண்டுதான் ஒரு பக்கம். நீங்க பேங்க் பாஸ்வேர்டு அடிச்ச பிரௌசர் மூடினதும் அதோட பக்கங்கள் கெர்னலுக்குத் திரும்பும். அடுத்த நொடி வேற எவனோ மெமரி கேட்கிறான். அதே பக்கத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தா? உங்க பாஸ்வேர்டு அவன் கையில. அதனால கொடுக்கிறதுக்கு முன்னாடி முழுசா சைபர் போட்டுத்தான் கெர்னல் கொடுக்கும். அதுக்கு முன்னாடி, பழைய ஆள் இன்னும் உயிரோட இருந்து பக்கத்தை மட்டும் பிடுங்கறதா இருந்தா, உள்ளே இருக்கிறதை டிஸ்க்ல எழுதி வச்சிட்டுத்தான் பிடுங்கணும். இந்த ஒழுங்கு நம்ம ஊர்ல பத்தாம் நூற்றாண்டுலயே உண்டு. செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியா எடுத்துக் கட்டினப்போ, பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து புதுச் சுவர்ல வெட்ட வச்சாங்க.

காலேஜ்ல சி படிச்ச எல்லாரையும் குழப்பின ஒண்ணுக்கும் விடை இதுலதான். மேலாக்ல வாங்கின மெமரி முதல் தடவை பார்த்தா சைபரா இருக்கும். ‘ஆஹா, தானா சைபர் ஆயிடும்போல’ன்னு நம்பி புரோகிராம் எழுதினா, நாலு நாள் கழிச்சு குப்பை வரும். முதல்ல வந்தது கெர்னல்கிட்ட இருந்து நேரா வந்த புதுப் பக்கம். அப்புறம் வந்தது உங்க புரோகிராமே ஃப்ரீ பண்ணின பழசு. உங்க குப்பையை உங்களுக்கே கொடுக்கிறதுல என்ன ரகசியம்னு லைப்ரரி சும்மா விட்டுடும்.

சைபர் போடுற பழக்கத்துக்குப் பின்னாடி ரெண்டு கதை இருக்கு. ஒண்ணு சௌகரியம். பிஎஸ்எஸ்னு ஒரு பகுதி எல்லா புரோகிராம்லயும் இருக்குமே, அந்தப் பேர் 1950கள்ல ஐபிஎம் 704க்கு யுனைடெட் ஏர்கிராஃப்ட்காரங்க எழுதின அசெம்ப்ளர்ல இருந்து வந்தது. சைபரா இருக்க வேண்டிய வேரியபிளை எல்லாம் ஃபைல்ல எழுதி இடத்தை அடைக்காம, அளவை மட்டும் குறிச்சு வச்சா போதும், ஓட்டும்போது சைபர் போட்டுக்கலாம்னு யூனிக்ஸ் அதைப் பிடிச்சுக்கிச்சு.

இன்னொண்ணு பயம். 1983ல் அமெரிக்க ராணுவத் துறை ஆரஞ்சு கலர் அட்டையில ஒரு பாதுகாப்பு விதிப்புத்தகம் போட்டாங்க. பேரே ஆரஞ்சு புக். அதுல சி2ங்கிற தரத்துக்கு ஒரு விதி: ஒருத்தர் பயன்படுத்தின இடத்தை இன்னொருத்தருக்குக் கொடுக்கும்போது முந்தினவரோட தகவல் துளியும் தெரியக் கூடாது. அரசாங்கத்துக்கு விக்கணும்னா இது வேணும். விண்டோஸ் என்டியில இதுக்குன்னே ஒரு த்ரெட் இருக்கு, ப்ரையாரிட்டி சைபர். பொட்டி சும்மா இருக்கும்போது மட்டும் எழுந்து, காலிப் பக்கங்களை ஒவ்வொண்ணா துடைச்சு தனி லிஸ்ட்ல அடுக்கி வைக்கும். ஆபீஸ்ல எல்லாரும் கிளம்பின பிறகு வந்து கூட்டிப் பெருக்குற அக்கா மாதிரி.

லினக்ஸ்லயும் அப்படிப் பண்ணலாமேன்னு 2004 கடைசியில எஸ்ஜிஐ கம்பெனியில இருந்த கிறிஸ்டோஃப் லாமீட்டர் பேட்ச் எழுதிக் கொண்டு வந்தார். பெரிய பெரிய மெஷின் விக்கிறவங்க, துடைக்கிற நேரம் அவங்களுக்கு வலிக்கும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா எதிர்வாதம் இன்னும் அழகு. கொடுக்கிற நேரத்துல சைபர் போட்டா அந்தப் பக்கம் சிபியு கேஷுக்குள்ள சூடா வந்து உட்கார்ந்திருக்கும். வாங்கினவன் உடனே தொடப் போறான், அவனுக்கு லாபம். முன்னாடியே துடைச்சு வச்சா, அவன் வர்றதுக்குள்ள கேஷ்ல இருந்து போயிருக்கும், திரும்பக் கொண்டு வரணும். முன்கூட்டியே துடைக்கிற யோசனை உள்ளே போகலை. அலகேட் பண்ணும்போதே சைபர் போட்டுக் கொடுன்னு கேட்கிற ஜிஎஃப்பி ஜீரோ ஃப்ளாக் மட்டும் உள்ளே வந்துச்சு. ஃப்ரீபிஎஸ்டி ஆளுங்களும் சும்மா இருக்கும்போது துடைக்கிற கோடை ரொம்ப வருஷம் வச்சிருந்து 2016ல் தூக்கிட்டாங்க. இந்த விஷயத்துல என் ஓட்டு லினக்ஸுக்குத்தான்.

படிக்க மட்டும் தொடுறவனுக்கு லினக்ஸ் இன்னொரு கஞ்சத்தனம் பண்ணும். ஊருக்கெல்லாம் பொதுவா ஒரே ஒரு சைபர் பக்கத்தைக் காட்டிவிடும். எழுத வந்தாத்தான் தனிப் பக்கம். ஆயிரம் சிபியு மெஷின்கள்ல அந்த ஒரே பக்கத்தோட கணக்கை எல்லாரும் ஒரே நேரத்துல மாத்தப் போய் அடிதடி ஆயிட்டதால 2.6.24ல் அதைத் தூக்கினாங்க. 2.6.32ல் கணக்கு வைக்காத மாதிரி மாத்தி திரும்பக் கொண்டு வந்துட்டாங்க :-)

சரி, கொடுக்கும்போது துடைச்சா போதுமா? போதாதுன்னு ரெண்டு சம்பவம் காட்டுச்சு. 2008ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு, கரண்டை நிறுத்தின பிறகும் ராம்ல இருக்கிறது சில விநாடி தங்கும், குளிர வச்சா நிமிஷக் கணக்குல தங்கும்னு நிரூபிச்சாங்க. டிஸ்க்கைப் பூட்டின சாவியையே அப்படி எடுத்துக் காட்டினாங்க. ஆள் போன பிறகும் பக்கம் துடைக்கப்படாம காத்திருக்கிற அந்த நேரம்தான் ஓட்டை. அடுத்தது 2014ல் ஹார்ட்பிளீட். அதுல கெர்னல் மேல தப்பே இல்லை. ஓபன்எஸ்எஸ்எல் வச்சிருக்கிற சர்வர்கிட்ட கேட்கிற விதத்துல கேட்டா, ஒரே பிராசஸுக்குள்ள பக்கத்துல கிடக்கிற மெமரியில 64 கேபி வரைக்கும் எடுத்து நீட்டிடும். கோட்டை வாசல்ல எவ்வளவு காவல் போட்டாலும், உள்ளே இருக்கிறவனே ஜன்னல் வழியா எடுத்துக் கொடுத்தா என்ன பண்றது?

2019ல் வந்த லினக்ஸ் 5.3ல் அலெக்ஸாண்டர் போட்டபென்கோ எழுதின ரெண்டு ஆப்ஷன் சேர்ந்துச்சு. இனிட் ஆன் அலாக், இனிட் ஆன் ஃப்ரீ. முதலாவது, கெர்னல் தனக்குள்ளயே எடுத்துக்கிற மெமரியையும் கொடுக்கும்போது துடைக்கும். அதுவரைக்கும் கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு எடுத்ததைத் துடைக்கணும்னு கட்டாயம் இல்லாம இருந்தது. பல வேலைகள்ல இதோட செலவு ஒரு சதவீதத்துக்கும் கம்மின்னு கெர்னல் குறிப்புலயே இருக்கு. ரெண்டாவது, ஆள் காலி பண்ணின உடனேயே துடைக்கும். செலவு பெரும்பாலும் 3ல் இருந்து 5 சதவீதம். ஏன் கூடன்னா, ஆறிப்போன பக்கத்தைத் திரும்ப இழுத்து வந்து துடைக்கணும். 2004ல் பேசின அதே கேஷ் சூடு சமாச்சாரம்தான், ஆனா இங்கே வாங்குறது ரகசியம் தங்குற நேரம்.

உபுண்டு வச்சிருக்கிறவங்களுக்கு முதலாவது ஏற்கெனவே ஆன்ல இருக்கும். ரெண்டாவது வேணும்னா பூட் லைன்ல ‘இனிட் ஆன் ஃப்ரீ = 1’ங்கிறதை இங்கிலீஷ்ல, நடுவுல அண்டர்ஸ்கோர் வச்சு சேர்க்கணும். நாலு பேர் லாகின் பண்ற சர்வர்னா சேர்த்துடுங்க. வீட்டுல படம் பார்க்கிற லேப்டாப்புக்கு நான் சேர்க்கலை.