ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்

கனடாவின் ரஷ் குழு 1976 செப்டம்பரில் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. அக்குழுவின் முதல் மேடைப் பதிவு. அவ்வாண்டு ஜூன் 11, 12, 13 ஆகிய மூன்று இரவுகளில் டொராண்டோவின் மாசி ஹாலில் நடந்த கச்சேரிகளிலிருந்து தொகுக்கப்பட்டது. பேஸ் கிட்டார் வாசித்துப் பாடியவர் கெடி லீ. கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன். டிரம்ஸ் நீல் பியர்ட். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் டெர்ரி பிரவுன். மெர்குரி நிறுவனம் வெளியிட்டது. தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்திலிருந்து எடுத்தது. ரஷ் குழுவின் மேடைப் பதிவுகளில் இதைவிடத் துல்லியமானவை பல உண்டு. ஆனால் மூன்றே பேர் தங்கள் கைகளை மட்டும் நம்பி மேடையேறிய காலத்துக்கு முழுநீளச் சாட்சியாக இருப்பது இந்தத் தட்டுதான்.

மூவர் குழு மரபு

கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று கருவிகளோடு, பெரும் ஒலிபெருக்கிகளை வைத்து அரங்கை நிறைக்கும் குழுக்களுக்கு 'பவர் ட்ரையோ' என்ற பெயர் 1960களின் பிற்பகுதியில் நிலைத்தது. எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் 1966இல் லண்டனில் தொடங்கிய கிரீம் குழுவும், அதே ஆண்டு அதே நகரில் உருவான ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸும் இவ்வடிவத்தின் முன்னோடிகள். இரண்டாவது கிட்டாரோ கீபோர்டோ இல்லாததால், கிட்டார்க்காரர் தனி வாசிப்பில் இறங்கியதும் கீழே வெற்றிடம் விழும். அதை நிரப்ப வேண்டிய பொறுப்பு பேஸ்காரர் தலையில். ஆகவே இத்தகைய குழுக்களில் பேஸ் பின்னணிக் கருவியாக ஒதுங்கி நிற்பதில்லை. கிட்டாரோடு மல்லுக்கு நிற்கும்.

இவ்வடிவத்தின் பலமும் பலவீனமும் மேடையில்தான் வெளிப்படும். ஸ்டூடியோவில் ஒருவரே இரண்டு, மூன்று முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடலாம். மேடையில் அது நடக்காது. கிரீம் குழுவின் 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' (1968) இரட்டைத் தட்டில் ஒன்று முழுக்க மேடைப் பதிவு. அதற்கு ஃபில்மோர் அரங்கின் பெயரைச் சூட்டியிருந்தாலும் அதில் ஒரே ஒரு பாடல்தான் அங்கே பதிவானது. மற்றவை சான்பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்டில் பதிவானவை. ஹென்ட்ரிக்ஸ் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு 1970 புத்தாண்டு நாளில் நியூயார்க்கில் பதிவுசெய்த 'பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ்', அதே ஆண்டு வந்த கிராண்ட் ஃபங்க் ரெயில்ரோடின் 'லைவ் ஆல்பம்' ஆகியவையும் இவ்வரிசையில் வருபவை. பதின்ம வயதில் கிரீம் பாடல்களை வாசித்துப் பழகிய ரஷ் குழுவினருக்கு இந்த வழித்தடம் புதிதல்ல.

மாசி ஹாலுக்கு முன்

டொராண்டோவின் புறநகரான வில்லோடேலில் 1968இல் ரஷ் தொடங்கியது. லைஃப்சனின் பெற்றோர் செர்பியாவிலிருந்து குடியேறியவர்கள். லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்த போலந்து யூதர்கள். பள்ளி நிகழ்ச்சிகளில் வாசித்துவந்த பையன்களுக்கு 1971இல் ஒரு வழி திறந்தது. ஒன்டாரியோ மாகாணம் மது அருந்தும் வயதை 18ஆகக் குறைக்க, மதுக்கூடங்களில் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. முதல் இசைத்தட்டை (1974) எந்த நிறுவனமும் ஏற்க முன்வராததால் சொந்தமாக மூன் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரில் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகர வானொலி நிலையத்தில் டோனா ஹால்பர் அதிலிருந்த 'ஒர்க்கிங் மேன்' பாடலை ஒலிபரப்ப, ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த அந்த ஊரில் அது பற்றிக்கொண்டது. அதைப் பார்த்து மெர்குரி நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

அப்போது டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ரட்சி. அவர் விலக, 1974 ஜூலை இறுதியில் நீல் பியர்ட் சேர்ந்தார். இரண்டு வாரப் பழக்கத்தில், ஆகஸ்ட் 14 அன்று பிட்ஸ்பர்க்கில் யூரையா ஹீப் குழுவின் நிகழ்ச்சியில் தொடக்கக் குழுவாக மேடையேறினார்கள். பியர்ட் புத்தகப் புழு. பாடல் எழுதும் வேலையும் அவரிடமே வந்து சேர்ந்தது. 'ஃப்ளை பை நைட்' (1975) ஓரளவு போயிற்று. அதே ஆண்டு வந்த 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' படுதோல்வி. அந்தச் சுற்றுப்பயணத்துக்குக் குழுவினரே வைத்த கேலிப் பெயர், குழாய் வழியே கீழே போகும் பயணம் என்பது. நீண்ட பாடல்களை விட்டுவிட்டுச் சின்னதாக, வானொலிக்கு ஏற்றபடி எழுதும்படி நிறுவனம் நெருக்கியது. மூவரும் அதற்கு நேரெதிராக, தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைக்கும் இருபது நிமிடக் கதைப்பாடலை எழுதினார்கள். அதுவே '2112' (1976). தோற்றிருந்தால் ஊர் திரும்பி வேறு வேலை பார்த்திருப்பார்கள், தோற்கவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தின் நடுவில்தான் சொந்த ஊரில் இந்த மூன்று இரவுகள்.

பதிவு

மாசி ஹால் 1894இல் திறக்கப்பட்ட அரங்கம். அப்போது சுமார் 2,700 பேர் அமரலாம். சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லஸ்பி முதலானோரின் புகழ்பெற்ற 1953 ஜாஸ் கச்சேரி பதிவானதும் இங்கேதான். விளையாட்டு மைதானங்களைப் போல ஒலி சிதறாமல் சுற்றி நிற்கும் இடம். இந்தத் தட்டில் ரசிகர் கூச்சல் காதுக்கு வெகு அருகில் கேட்பதற்கு அதுவும் காரணம்.

ஸ்டூடியோ '2112'இல் சிந்தசைசர் வாசித்தவர் ஹியூ சைம். உறை ஓவியங்களும் அவர் வேலை. மேடையில் அவர் இல்லை, கீபோர்டும் இல்லை. லீயின் ரிக்கன்பேக்கர் பேஸ், லைஃப்சனின் கிப்சன் கிட்டார், பியர்ட் குழுவில் சேர்ந்த கையோடு வாங்கிய குரோம் பூச்சு ஸ்லிங்கர்லேண்ட் டிரம்ஸ், அவ்வளவே. முன்னட்டையிலும் ஆட்கள் இல்லை. விளக்கொளியில் கருவிகள் மட்டும் காத்திருக்கும் மேடையின் படம்.

நான்கு பக்கங்கள்

அதுவரை வெளிவந்த நான்கு ஸ்டூடியோ தட்டுகளிலிருந்தும் பாடல்கள் உள்ளன. பிரெஞ்சுப் புரட்சியைப் பாடும் 'பாஸ்டீல் டே'யில் தொடங்கி, 'ஆந்தம்', 'ஃப்ளை பை நைட்', 'இன் தி மூட்', 'சம்திங் ஃபார் நத்திங்' என்று முதல் பக்கம் மூச்சு விடாமல் ஓடுகிறது. லீயின் குரல் இக்காலத்தில் உச்சத்தில் கிறீச்சிடும் குரல். பலரை ரஷ் பக்கமே வரவிடாமல் தடுத்தது அதுதான். மேடையில் அது இன்னும் கூர்மை. பழகிக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டாம் பக்கத்தில் பியர்ட் வளர்ந்த போர்ட் டல்ஹூசி ஊரின் ஏரிக்கரைப் பூங்காவை நினைவுகூரும் 'லேக்சைட் பார்க்'கும், '2112'உம் வருகின்றன. பூசாரிகள் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் எதிர்கால உலகில் ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். பூசாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறான். அவர்கள் அதை நொறுக்கிவிடுகிறார்கள். '2112'இன் கதை இது. தனிமனிதவாதம் பேசிய அயின் ராண்டின் எழுத்துக்குக் கடன்பட்டிருப்பதை அந்த ஸ்டூடியோ தட்டின் உறையிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள்; அதற்காகப் பின்னாளில் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. மேடை வடிவம் சுமார் 16 நிமிடமாகச் சுருக்கப்பட்டது. கிட்டாரைக் கண்டெடுக்கும் பகுதியும் கனவுப் பகுதியும் வெட்டுப்பட்டன. வேகம் கூடியது உண்மை. ஆனால் இந்தத் தட்டை மட்டும் கேட்பவருக்கு, கதாநாயகன் கண்டெடுக்காத கிட்டாரைக் கொண்டுபோய்ப் பூசாரிகளிடம் நீட்டுவதாகவே தோன்றும். ஏழு பகுதிகளையும் முழுமையாக மேடையில் கேட்க ரசிகர்கள் 1996 வரை காத்திருந்தார்கள்.

மூன்றாம் பக்கம்தான் தட்டின் உயிர். 'பை-டோர் அண்ட் தி ஸ்னோ டாக்' ஓர் அசுரனுக்கும் பனிநாய்க்கும் நடக்கும் போர்க்கதை. அந்தப் பெயர்கள் பிறந்தது மேலாளர் ரே டேனியல்ஸ் வீட்டில். அங்கே கடிக்கும் பெரிய நாய் ஒன்றும் பயந்தாங்கொள்ளி வெள்ளை நாய் ஒன்றும் இருந்தன. ஒளியமைப்பாளர் ஹோவர்ட் உங்கர்லைடர் வேடிக்கையாகச் சொன்னதைப் பியர்ட் காவியமாக்கிவிட்டார். ஸ்டூடியோவில் எட்டரை நிமிடம் ஓடிய பாடல் மாசி ஹாலில் ஏறக்குறைய பன்னிரண்டைத் தொடுகிறது. போர் நடக்கும் நடுப்பகுதியில் லீயின் பேஸ் உறுமுகிறது, லைஃப்சனின் கிட்டார் அலறுகிறது. யாருக்கு யார் பின்னணி என்று பிரிக்க முடிவதில்லை. பிறகு எல்லாம் அடங்கி, கிட்டார் ஒற்றை ஒற்றை ஸ்வரமாக மிதக்கிறது. மூவர் குழு என்ற வடிவத்தால் என்ன முடியும் என்று கேட்பவருக்கு இந்தப் பன்னிரண்டு நிமிடங்களைப் போட்டுக் காட்டினால் போதும்.

நான்காம் பக்கத்தில் முதல் தட்டின் பாடல்கள்: 'ஒர்க்கிங் மேன்', 'ஃபைண்டிங் மை வே', 'வாட் யூ ஆர் டூயிங்'. இவற்றை ஸ்டூடியோவில் வாசித்தவர் ரட்சி. அவர் கைக்கு நேராக, கனமாக இருந்த தாளம் பியர்டிடம் வந்து சிக்கலாகிறது. இடைவெளி தெரிந்த இடமெல்லாம் நிரவப்படுகிறது. முதல் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், ஆள் மாறியதும் குழுவே மாறிய கதை விளங்கும். நடுவில் லீ பியர்டைப் பேராசிரியர் என்று அறிவிக்க, டிரம்ஸ் தனி தொடங்குகிறது. நம் தனி ஆவர்த்தனம்போலக் கணக்கு வைத்துக் கட்டிய வாசிப்பு இது. வெறும் ஆவேசம் அல்ல. பிற்காலத்தில் பியர்ட் இதைவிட நுட்பமாக எத்தனையோ தனி வாசித்திருக்கிறார். இந்த வேகம் அவற்றில் இல்லை. பேராசிரியர் என்ற பெயரும் கடைசிவரை அவரோடு ஒட்டிக்கொண்டது. கைதட்டல் ஓய்ந்தபின் குழுவினர் பேசிக்கொண்டே போவதும் கதவு சாத்தப்படுவதும் தட்டின் முடிவில் கேட்கின்றன.

வரவேற்பும் பின்விளைவும்

அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 40ஆம் இடம் வரை ஏறியது. ரஷ்ஷின் தட்டு ஒன்று முதல் நாற்பதுக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை. பீட்டர் ஃப்ராம்ப்டனின் மேடைப் பதிவு விற்பனையில் சக்கைப்போடு போட்ட ஆண்டு அது. இரட்டை மேடைத் தட்டுக்குச் சந்தை திறந்திருந்தது. 1977 நவம்பரில் தங்கச் சான்றும் 1981இல் பிளாட்டினச் சான்றும் கிடைத்தன.

தங்கள் முதல் அத்தியாயம் இத்துடன் முடிகிறது என்று குழுவினர் உறைக்குறிப்பில் எழுதினார்கள். சொன்னபடியே நடந்தது. 1977 கோடையில் முதன்முறையாக பிரிட்டன் சென்று, வேல்ஸிலுள்ள ராக்ஃபீல்டு ஸ்டூடியோவில் 'எ ஃபேர்வெல் டு கிங்ஸ்' பதிவு செய்தார்கள். சிந்தசைசர், காலால் மிதித்து வாசிக்கும் பேஸ் பெடல் எல்லாம் அதில் வந்துவிட்டன. அதன்பின் மேடையில் ஆறு கைகளின் ஓசை மட்டும் கேட்ட காலம் திரும்பவில்லை. நான்கு ஸ்டூடியோ தட்டுகளுக்கு ஒரு மேடைப் பதிவு என்ற வழக்கத்தைத் தொடங்கிவைத்ததும் இதுவே. 'எக்சிட் ஸ்டேஜ் லெஃப்ட்' (1981), 'எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்' (1989), 'டிஃபரன்ட் ஸ்டேஜஸ்' (1998) என்று அது நீண்டது. 1981 பதிவு மிகச் சுத்தமானது, மெருகேறியது. அதைத்தான் பெரும்பாலோர் உயர்வாகச் சொல்கிறார்கள். வாசிப்புத் திறமையை அளந்தால் அது சரி. ஆனால் அதில் கூட்டம் எங்கோ தள்ளி நிற்கிறது. இதில் நாமும் கூட்டத்தில் நிற்கிறோம்.

ரஷ் 2013இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது. ரட்சி 2008இலும் பியர்ட் 2020 ஜனவரியிலும் காலமானார்கள்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1980களில் வந்த முதல் குறுந்தகட்டுப் பதிப்பில், இடம் போதாது என்று 'வாட் யூ ஆர் டூயிங்' பாடலை நீக்கிவிட்டார்கள். 1997 மறுபதிப்பில் அது திரும்பச் சேர்க்கப்பட்டது. வாங்குவதானால் அதையோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ வாங்குங்கள்.