சூல்வலிப்பும் மூளையின் குருதியோட்டமும்

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின் பெண்ணுக்கு இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ பிற உறுப்புகள் பாதிக்கப்படுவதோ முன்சூல்வலிப்பு எனப்படும். இந்நோயில் வலிப்பும் வந்துவிட்டால் அது சூல்வலிப்பு ஆகும். தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தான இந்த வலிப்பு ஏன் வருகிறது என்பதற்கான விளக்கம் காலந்தோறும் மாறி வந்துள்ளது.

1843-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், வலிப்பு கண்ட தாய்மாரின் சிறுநீரில் அல்புமின் என்னும் புரதத்தைக் கண்டார். இதனால் மருத்துவர்களின் கவனம் சிறுநீரகத்தின் மீது திரும்பியது. 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கைப்பட்டை கொண்ட இரத்த அழுத்தமானியை உருவாக்கினார். அதன் பிறகே உயர் அழுத்தத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை எளிதில் அளந்தறிய முடிந்தது.

1959-இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன், மூளைக் குருதியோட்டம் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அழுத்தம் ஏறினால் மூளையின் சிறு தமனிகள் சுருங்கும், இறங்கினால் விரியும். இதனால் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 60 முதல் 150 மி.மீ. பாதரசம் வரை மாறினாலும், 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. குருதி சீராகக் கிடைக்கிறது. இதுவே தன்னொழுங்கு.

சூல்வலிப்பில் இந்த ஒழுங்கு எவ்வாறு குலைகிறது? தமனிகள் அளவுமீறிச் சுருங்கிக் குருதி தடைபடுகிறது என்றனர் ஒரு சாரார். அழுத்தத்தைத் தாங்காமல் தமனிகள் விரிந்து, நீர் கசிந்து, மூளை வீங்குகிறது என்றனர் மறு சாரார். 1996-இல் ஜூடி ஹிஞ்சி குழுவினர் 15 நோயாளிகளின் மூளைப் படங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் மூவருக்குச் சூல்வலிப்பு. வீக்கம் பெரும்பாலும் மூளையின் பின்பகுதியில் இருந்தது. சிகிச்சைக்குப் பின் வடிந்தது. பார்வையை உணரும் பகுதி அங்கேதான் உள்ளது. இந்த ஆய்வு இரண்டாம் கருத்துக்கு வலுச் சேர்த்தது.

மருந்தோ விளக்கத்துக்கு முன்பே வந்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே மெக்னீசியம் சல்பேட் பயன்பட்டு வந்தது. 1995-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், டயசிபாம் பெற்றவர்களைவிட மெக்னீசியம் பெற்றவர்களுக்கு வலிப்பு திரும்பும் வாய்ப்பு 52 விழுக்காடு குறைந்தது. 2002-இல், 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, இம்மருந்து வலிப்பு வருமுன்பே அதன் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைப்பதைக் காட்டியது.

இந்நோயில் குருதிக்குழாய்களின் உட்சுவர் பழுதடைவதால், அழுத்தம் மிக அதிகமாக ஏறாத போதும் வலிப்பு வரலாம். எனவே அழுத்தமானி காட்டும் எண்ணை மட்டும் நம்பியிருத்தல் போதாது. கருவுற்ற பெண் கடும் தலைவலி, பார்வை மங்கல் என்று சொன்னால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.