மண்ணுக்கு உரியவன் யார்?

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டாரத்திற்குச் சென்று வருவோர் இரண்டு காட்சிகளை எளிதில் மறப்பதில்லை. ஒன்று, திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்கள். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர் நிலவியல் அறிஞர். மற்றொன்று, கடலை அடுத்த செம்மண் மேட்டில் எழுந்துள்ள ஆரோவில் நகரம். மனிதன் பட்டா எழுதத் தொடங்குவதற்கு எத்தனையோ காலத்திற்கு முன்பே வீழ்ந்த மரங்கள் ஒருபுறம். எவருக்கும் சொந்தமில்லாத நிலம் வேண்டும் என மனிதன் கண்ட கனவு மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே நின்று நோக்குவோர் உள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. இந்த மண் உண்மையில் யாருக்கு உரியது?

இவ்வினாவைப் பன்னெடுங்காலத்திற்கு முன்பே எடுத்துக்கொண்டு விடை பகர்ந்தது எபிரேய வேதம். மூஸா (அலை) அவர்களின் பெயரால் யூதர்கள் போற்றிவரும் ஐந்து ஆகமங்களுள் மூன்றாவது லேவியராகமம். அதன் 25ஆம் அதிகாரம் நிலத்தை என்றென்றைக்குமாக விற்றுவிடுவதைத் தடை செய்கிறது. அதற்கு அது கூறும் காரணம் வியப்புக்குரியது. நிலத்தின் உடைமையாளன் இறைவன். மக்களோ அவனிடத்தில் தங்கிச் செல்ல வந்த அந்நியர்கள். விருந்தினன் தான் தங்கிய வீட்டை விற்க முடியுமா?

இக்கொள்கையை வெறும் உபதேசமாக அந்நூல் நிறுத்திவிடவில்லை, சட்டமாக்கியது. ஏழாம் ஆண்டு தோறும் நிலத்தைத் தரிசாக விட வேண்டும். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதப்படும். வறுமையால் கைமாறிய நிலங்கள் பழைய குடும்பங்களுக்கே திரும்பும். அடிமைப்பட்டோர் தம் இல்லம் ஏகுவர். ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் ‘யோவேல்’ என்ற எபிரேயச் சொல்லே பின்னர் ‘ஜூபிலி’ என உலகெங்கும் வழங்கலாயிற்று. நிலத்திற்கு விலை பேசும்போது அடுத்த யோவேலுக்கு எத்தனை அறுவடைகள் எஞ்சியுள்ளன என்பதையே கணக்கிட வேண்டும். அதாவது, விற்கப்பட்டது விளைச்சலேயன்றி நிலமன்று. வயலின் ஓரத்துக் கதிர்களையும் சிந்திய மணிகளையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்ற விதியும் இதே அடிப்படையில் எழுந்ததாகும்.

தாவூத் (அலை) அவர்களோடு இணைத்துப் போற்றப்படும் சங்கீதங்களும் இதே உண்மையைப் பேசுகின்றன. பூமியும் அதில் நிறைந்துள்ள அனைத்தும் இறைவனுடையவை என்கிறது 24ஆம் சங்கீதம். ஆனால் 115ஆம் சங்கீதமோ, விண்ணைத் தனக்கென வைத்துக்கொண்டு மண்ணை மனிதனுக்கு அவன் அளித்தான் என்கிறது. இரண்டும் முரணல்லவா? தல்மூதில் யூத அறிஞர்கள் இம்முரணைத் தீர்த்த விதம் சுவையானது. இறைவனை வாழ்த்துமுன் எல்லாம் அவனுடையவை. வாழ்த்திய பின்னரே அவை மனிதனுக்கு ஆகின்றன என்றனர் அவர்கள். வாழ்த்தாமல் உண்பவன் இறைவனுக்குரிய பொருளைக் கவர்ந்தவன் ஆவான். ‘பிஸ்மில்லாஹ்’ சொல்லி உணவில் கை வைக்கும் நம் இல்லத்துக் குழந்தைகளுக்கு இவ்விளக்கம் அந்நியமாகத் தோன்றாது.

எனினும், சட்டம் இருந்ததனாலேயே நீதி நிலைத்துவிடவில்லை. நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்தின் மீது ஆகாப் மன்னன் ஆசை கொண்டான். முன்னோர் சொத்தைத் தர அவன் மறுக்கவே, அரசி பொய்ச் சாட்சிகளை ஏவி அவனைக் கொல்வித்தாள். எலியா தீர்க்கதரிசி மன்னனின் முகத்திற்கு நேரே அக்குற்றத்தை எடுத்துரைத்தார். ஏழாம் ஆண்டில் கடன் தள்ளுபடியாகும் என்றிருந்தமையால், அவ்வாண்டு நெருங்கும்போது ஏழைகளுக்குக் கடன் கொடுக்கச் செல்வர் மறுக்கலாயினர். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ஹில்லேல் என்னும் அறிஞர், கடன்களை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைக்கும் ஏற்பாட்டினால் அந்த நெருக்கடியைத் தவிர்க்க வேண்டியதாயிற்று.

இனி வானூருக்குத் திரும்புவோம். ஆரோவிலை நிறுவிய அன்னை மீரா அல்ஃபாசா 1878ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் பிறந்தவர். அவருடைய தந்தை துருக்கியிலிருந்தும் தாய் எகிப்திலிருந்தும் வந்த யூதர்கள். அவர் அம்மரபைப் பின்பற்றியவரல்லர். ஆயினும் 1968 பிப்ரவரி 28 அன்று, 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்ட விழாவில், அந்நகரம் தனியொருவர் எவருக்கும் உரியதன்று, மனித குலம் முழுமைக்கும் உரியது என்று அவர் சாசனம் செய்தார்.

நடந்தது என்ன? 1973இல் அன்னை மறைந்தார். ஸ்ரீ அரவிந்தர் சங்கத்திற்கும் நகரவாசிகளுக்கும் இடையே நிர்வாக உரிமை பற்றிய பிணக்கு மூண்டது. 1980இல் நடுவண் அரசு சட்டமியற்றி நிர்வாகத்தை ஏற்றது. அச்சட்டம் செல்லும் என 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஆரோவில் அறக்கட்டளைக்கு வழி வகுத்தது. எவருக்கும் உரியதன்று என்று அறிவிக்கப்பட்ட மண்ணுக்கும் ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார்!

இதில் எள்ளி நகையாட ஏதுமில்லை. நமக்கான பாடமே உண்டு. கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் பயனை அறமாக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். அந்நிலம் விற்கப்படாது, நன்கொடையாகத் தரப்படாது, வாரிசுக்கும் செல்லாது என்று விதிக்கப்பட்டது. அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், பொருள் சேர்த்துக்கொள்ளலாகாது. நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கும் மதரஸாவிற்கும் விடப்பட்ட வக்ஃபு நிலங்களின் இலக்கணம் இதுவே.

அந்நிலங்களை அற்பக் குத்தகைக்கு அனுபவிப்போரும், முத்தவல்லிப் பொறுப்பைப் பரம்பரைச் சொத்தாகக் கருதுவோரும் நம்மிடையே இல்லையா? நாபோத்தின் தோட்டம் பழங்கதையன்று. ஏழைக்குரிய விளைச்சல் எங்கே மடைமாற்றப்படுகிறதோ அங்கெல்லாம் அது மீண்டும் பறிக்கப்படுகிறது. மண் இறைவனுடையது என்று நாவால் மொழிவது எளிது. அவனுடையதை அவன் சொன்னவர்க்குச் சேர்ப்பிப்பதே அரிது.

திருவக்கரைக் கல்மரங்களுக்குப் பத்திரம் எழுதியவர் எவருமில்லை. நம் பத்திரங்களும் சில அறுவடைகளுக்கே செல்லும்.