ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் 57 லிட்டர்: ஒரு ஜீப் டேங்கின் வரலாறு

போன வாரம் எஞ்சினைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் யாருமே திரும்பிப் பார்க்காத ஒரு தகரப் பெட்டியைப் பற்றிப் பேசப் போறோம். பழைய ஜீப்போட பெட்ரோல் டேங்க்.

பழைய ஜீப் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான் வரும். "வண்டி ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு கிலோமீட்டர் ஓடுது, அப்புறம் இழுத்து இழுத்து நின்னுடுது. பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது." கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவாங்க, பம்பை மாற்றுவாங்க, பாயிண்ட், காயில் எல்லாம் மாற்றுவாங்க. கடைசியில்தான் டேங்குக்கு வருவாங்க. உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தா செக்கச்செவேல்னு துரு.

நடப்பது இதுதான். டேங்குக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாய் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது துருச் செதில்கள் அந்தக் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்கின்றன. எஞ்சினுக்கு எண்ணெய் போவது நின்று, வண்டி நிற்கிறது. இழுப்பு நின்றதும் செதில் கீழே விழுகிறது. மறுபடி வண்டி ஓடுகிறது. பேய் பிடித்த மாதிரித் தெரிகிற கோளாறுக்கு இவ்வளவு எளிய காரணம்.

ஆனால் இந்த வண்டியில் மட்டும் டேங்க் ஏன் இப்படித் துருப்பிடிக்கிறது? அதுவும் ஏன் ஓட்டுநரின் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்கள்? பதில் 1940-ஆம் ஆண்டில் இருக்கிறது.

49 நாள் கெடு

1940 ஜூன் மாதம் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஆனால் அதன் ராணுவம் விழித்துக்கொண்டது. உளவு பார்க்கவும் ஆட்களை ஏற்றிச் செல்லவும் நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு சிறிய, எடை குறைந்த வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. மாதிரி வண்டியைச் செய்து கொடுக்க 49 நாள் கெடு. அந்தக் கெடுவுக்குள் ஒப்படைத்தது ஒரே நிறுவனம். பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் கிட்டத்தட்டத் திவாலாகிக் கிடந்த அமெரிக்கன் பாண்டம். அவர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த பொறியாளர் கார்ல் ப்ராப்ஸ்ட். செப்டம்பர் 23 அன்று மேரிலாந்தில் இருந்த ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்கு அந்த வண்டி போய்ச் சேர்ந்தது.

அப்புறம் நடந்தது வேறு கதை. பாண்டமின் தொழிற்சாலை ரொம்பச் சின்னது, ராணுவம் கேட்ட எண்ணிக்கையில் செய்து தர முடியாது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். வடிவமைப்பு வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. வில்லிஸ் செய்தது எம்பி. ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல். முதலில் செய்து கொடுத்த பாண்டம் கடைசியில் ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுக்கிற டிரெய்லர்களைச் செய்துகொண்டிருந்தது.

இப்போது டேங்குக்கு வருவோம். இந்த வண்டியின் முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே வெறும் 80 அங்குலம்தான். அதற்குள் எஞ்சின், கியர் பெட்டி, நான்கு சக்கர இழுவைக்கான இன்னொரு பெட்டி, ஆட்கள் உட்கார இடம் எல்லாம் வர வேண்டும். பின்னால் அச்சும் சக்கர வளைவும் இடத்தை அடைத்துக்கொண்டன. மிச்சம் இருந்த இடம் சீட்டுக்கு அடியில்தான். தரைத் தகடைக் குழியாகக் கீழே இறக்கி, அந்தக் குழிக்குள் டேங்கை உட்கார வைத்து, மேலே பட்டை போட்டுக் கட்டினார்கள். 15 அமெரிக்க கேலன் பிடிக்கும். சுமார் 57 லிட்டர். அதன் மேல் ஒரு மெத்தை, மெத்தையின் மேல் ஓட்டுநர். எண்ணெய் ஊற்ற வேண்டுமென்றால் அவர் எழுந்து சீட்டைத் தூக்க வேண்டும்.

57 லிட்டர் பெட்ரோலின் மேல் உட்கார்ந்துகொண்டு குண்டு பாய்கிற இடத்துக்கு வண்டி ஓட்டியிருக்கிறார்கள். கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

குழியில் தேங்கிய தண்ணீர்

அந்தக் குழிதான் இன்றைய துருவுக்கு மூல காரணம். மழைத் தண்ணீர், சேறு, கடற்கரையில் இறங்கும்போது ஏறிய உப்புத் தண்ணீர், பூட்ஸில் ஒட்டி வந்த மண் எல்லாம் வழிந்து அங்கேதான் போய்ச் சேரும். தண்ணீர் வடியக் குழியின் அடியில் ஓட்டை உண்டு. ஆனால் சேறும் இலைக் குப்பையும் அதை அடைத்துவிட்டால் டேங்கின் அடிப்பாகம் மாதக்கணக்கில் ஈரத்தில் உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து அரிப்பு.

உள்ளே இருந்தும் அரிப்பு உண்டு. பாதி நிரம்பிய டேங்கை ரொம்ப நாள் நிறுத்தி வைத்தால், பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் மேல் தகட்டில் வியர்த்து, சொட்டி இறங்கும். தண்ணீர் பெட்ரோலை விடக் கனம். அதனால் அடியில் போய்த் தங்கும். அதனால்தான் ஒரு பழைய டேங்கை அறுத்துத் திறந்தால் மேல்தகடும் அடித்தகடும் துருவாகவும், நடுப்பகுதி ஓரளவு நன்றாகவும் இருக்கும். பெட்ரோல் மூழ்கடித்து வைத்திருந்த இடம் தப்பியிருக்கும்.

அந்தக் காலத்து உற்பத்தியாளர்களுக்கு இது தெரியாததல்ல. எஃகுத் தகட்டின் மேல் ஈயமும் கொஞ்சம் வெள்ளீயமும் கலந்த பூச்சு ஏற்றி அதில் டேங்க் செய்வது வாகனத் தொழிலில் பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. ஈயம் மட்டும் தனியாக எஃகில் ஒட்டாது. வெள்ளீயம் சேர்ந்தால்தான் பிடிக்கும். பூச்சு இருக்கிற வரை துரு வராது. ஆனால் இது போருக்காகச் செய்த வண்டி. 80 வருஷம் கழித்து யாராவது அதற்குப் பெயிண்ட் அடித்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்கள் என்று எவரும் நினைக்கவில்லை.

ஜெர்மன் கேன், பிரிட்டிஷ் டின்

இதே காலத்தில் இன்னொரு தகரப் பாத்திரத்தின் கதை நடந்துகொண்டிருந்தது. வடக்கு ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் பெட்ரோலை மெல்லிய தகர டின்களில் கொண்டுபோனது. நம்ம வீடுகளில் இருந்த மண்ணெண்ணெய் டின் மாதிரி, 4 கேலன் பிடிக்கிற டின். லாரியின் குலுக்கலில் மூட்டுகள் விட்டு வழியும் எண்ணெய் கொஞ்சநஞ்சமல்ல.

ஜெர்மானியர்களிடம் இருந்தது வேறு. 1930-களின் பிற்பகுதியில் வடிவமைத்த 20 லிட்டர் கேன். இரண்டு பாதிகளை அச்சில் அழுத்தி எடுத்து நடுவில் வெல்டிங் செய்தது. உள்ளே பூச்சு. மேலே மூன்று கைப்பிடி, ஒருவர் தூக்கவும் இருவர் சேர்ந்து பிடிக்கவும் வசதி. நெம்பினால் திறக்கிற மூடி. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைக் கைப்பற்றித் தங்கள் டின்களை ஓரங்கட்டினார்கள். ஜெர்மானியர்களைக் குறிக்கும் கொச்சைச் சொல்லை வைத்து 'ஜெர்ரி கேன்' என்று பெயரும் வைத்தார்கள்.

இதில் இந்தியாவுக்கும் ஒரு இழை உண்டு. 1939-இல் பால் ப்ளைஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெர்லினிலிருந்து ஒரு ஜெர்மன் நண்பருடன் தரைவழியாகக் காரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில் தண்ணீர் வைத்துக்கொள்ள அந்த நண்பர் கொண்டுவந்தவை மூன்று ஜெர்ரி கேன்கள். அந்தக் கேனின் அருமை அமெரிக்க ராணுவத்துக்குத் தெரிய வந்ததில் ப்ளைஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அமெரிக்கா முதலில் செய்த நகலில் வெல்டிங்குக்குப் பதிலாக மடித்து உருட்டிய மூட்டு; உள்பூச்சையும் விட்டுவிட்டார்கள். மேல் பார்வைக்கு அதே கேன்தான். கசிவையும் துருவையும் தடுத்த இரண்டு விஷயங்கள் மட்டும் இல்லை!

ஜீப்பின் பின்பக்கம் ஸ்பேர் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு தாங்கி இருக்கும், பார்த்திருப்பீங்க. அது இந்தக் கேனுக்காகத்தான்.

டிஸ்போசல் ஜீப்பும் மஹிந்திராவும்

போர் முடிந்ததும் வில்லிஸ் அதே வண்டியை விவசாயிகளுக்கு விற்க நினைத்தது. 1945-இல் வந்த சிஜே-2ஏ ராணுவ ஜீப்பின் தம்பி. அதில் எண்ணெய் ஊற்றும் வாயை வெளியே, பாடியின் பக்கவாட்டில் வைத்தார்கள். சீட்டைத் தூக்க வேண்டிய வேலை போச்சு. ஆனால் டேங்க் மட்டும் பழையபடி ஓட்டுநருக்கு அடியிலேயே இருந்தது.

இந்தியாவில் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் டிஸ்போசலில் தனியார் கைக்கு வந்தன. 1945-இல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்ற பெயரில் தொடங்கிய எஃகு வணிக நிறுவனம், கூட்டாளி குலாம் முகம்மது பாகிஸ்தான் போனபின் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அது பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் சிஜே-3பி வடிவம் வந்து பல பத்தாண்டுகள் இங்கே தங்கிவிட்டது. போலீஸ், வனத்துறை, மின்வாரியம், தோட்டங்கள் என்று எங்கும் அதுதான். இடப்பக்கம் ஸ்டியரிங். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று பெரிதாக எழுதியிருக்கும். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை அள்ளிக்கொண்டு மலையேறிய ஜீப்புகளும் இந்தக் குடும்பம்தான்.

பழைய ஜீப் என்ற சொல்லுக்கே நம் அரசியல் வரலாற்றில் ஒரு கசப்பான இடம் உண்டு. 1948-இல், காஷ்மீர் சண்டை நடந்த சமயம், லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் ராணுவத்துக்குப் பழுதுபார்த்த ஜீப்புகளை வாங்க ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியவை 155. பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தன. சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார் என்று இதைச் சொல்வார்கள். வெளியே பெயிண்ட் அடித்த பழைய வண்டியை நம்பக் கூடாது என்ற பாடத்தை நம் நாடு ரொம்பச் சீக்கிரமே படித்தது.

இன்றைக்கு ஏன் அவசரம்?

சரி, 80 வருஷம் தாங்கிய டேங்கை இப்போது ஏன் மாற்றணும்? ஒரு காரணம், பெட்ரோலே மாறிவிட்டது. இந்தியாவில் 2022-இல் 10 சதவீத எத்தனால் கலப்பு வந்தது. 2023 முதல் 20 சதவீதக் கலப்பு பங்க்குகளுக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஈரம் ஒரு அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். ஏற்கெனவே பூச்சு போன தகட்டுக்கு அது விருந்து. பல வருஷமாகச் சுவரில் படிந்திருந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கிளப்பும். பழைய பெட்ரோல் கேஜ்கள் பலவற்றில் அரக்கு பூசிய தக்கைதான் மிதவை. எத்தனாலில் அரக்கு கரையும். தக்கை எண்ணெய் குடித்து மூழ்கும். டேங்க் நிறைய இருக்கும்போதே முள் காலி என்று காட்டும்.

பலர் டேங்குக்குள் சங்கிலித் துண்டு, நட்டு போல்ட் போட்டுக் குலுக்கி, ஆசிட் ஊற்றிக் கழுவி, உள்ளே பூச்சு ஊற்றுகிறார்கள். தகடு கெட்டியாக இருந்தால் அது பலிக்கும். ஊசியால் குத்தினால் ஓட்டை விழுகிற தகட்டில் அந்தப் பூச்சும் ஒருநாள் பாளம் பாளமாக உரிந்து குழாயை அடைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்லணும். காலி டேங்கை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய் "ஒரு பொட்டு வச்சுக் குடுங்கண்ணே" என்று கேட்காதீங்க. நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க் ஆபத்து. எரிவது திரவமல்ல, ஆவி. காற்றும் ஆவியும் சரியான அளவில் கலந்திருப்பது காலி டேங்கில்தான். துருவின் இடுக்கிலும் மூட்டிலும் ஒளிந்திருக்கிற பெட்ரோல், கழுவின பிறகும் சூடு பட்டால் ஆவியாகும். பட்டறைகளில் உயிர் போயிருக்கிறது. நீங்கள் மிச்சம் பிடிக்கிற சில ஆயிரம் ரூபாய்க்கு வேறொருவர் கையைப் பணயம் வைக்கக் கூடாது.

மாற்றுவதாக முடிவு செய்தால் வரிசை இதுதான். பேட்டரியைக் கழற்றுங்க. திறந்தவெளியில் எண்ணெயை வடித்துவிடுங்க. சீட், கேஜ் வயர், குழாய், பட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி டேங்கைத் தூக்குங்க. உடனே புது டேங்கைப் போட்டுவிடாதீங்க. முதலில் குழியைப் பாருங்க. வடிகால் ஓட்டையைத் திறந்து, அரித்த தகடை வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்த பிறகுதான் டேங்க். இல்லாவிட்டால் புதுசும் அதே வழியில் போகும். கேஜுக்கு எர்த் டேங்கின் உடல் வழியாகத்தான் போகும். டேங்குக்குக் கெட்டியாகப் பெயிண்ட் அடித்தால் எர்த் அறுந்து முள் வேலை செய்யாது. தனி எர்த் வயர் போடுங்க. நம்ம ஊரில் பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கியவர்கள் அதிகம். டீசலுக்கு மிச்ச எண்ணெய் திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். பழைய பெட்ரோல் டேங்கில் அது இருக்காது. புது டேங்க் செய்யச் சொல்லும்போதே அதைச் சொல்லிவிடுங்க.

கடைசியாக ஒரு கேள்வி. பழைய டேங்கை எடுத்தால் வண்டியின் அசல் தன்மை போய்விடாதா? ஃபோர்டு தன் ஜீப்பின் சின்ன போல்ட்டில் கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்திருந்தது. அந்த எழுத்தைத் தேடி அலைகிற சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க உண்டு. இன்னொரு பக்கம், பிலிப்பைன்ஸில் ஜீப்பின் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். என் கருத்து இது. பிரேக், டயர், எண்ணெய்க் குழாய், டேங்க் இந்த நான்கிலும் உயிர்தான் முதலில், வரலாறு அதற்கு அப்புறம். கழற்றிய டேங்கைப் பழைய இரும்புக்குப் போடாமல் சுத்தம் செய்து, முத்திரைகளைப் படம் எடுத்து, அளவெல்லாம் குறித்து ஒரு பரணில் வையுங்க. அடுத்து இந்த வண்டியைக் கையில் எடுப்பவருக்கு அதுதான் ஆவணம்.

அடுத்த எபிசோடில் ஜீப்பின் 6 வோல்ட் மின்சாரம் 12 வோல்ட்டான கதை. உங்க வீட்டு ஜீப்பின் டேங்கில் ஏதாவது எழுத்தோ எண்ணோ பொறித்திருந்தால் படம் எடுத்து அனுப்புங்க, சேர்ந்து படிப்போம்.