புதுக் கணினியில் ஓயாத வன்தட்டு: ஒரு சிறு வரலாறு

புதிதாகக் கணினி வாங்கிய வீட்டில் முதல் வாரமே எழும் சந்தேகம் இது. யாரும் எதுவும் செய்யவில்லை, மவுஸைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் பெட்டியின் முன்பக்கம் உள்ள சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கரகர சத்தம் வேறு! வைரஸா? வன்தட்டு பழுதா? கடைக்காரர் பழைய சரக்கை மாட்டிவிட்டாரா?

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது இந்தக் கேள்வி உலகம் முழுவதும் எழுந்தது. ஆனால் விடையைத் தேட வேண்டுமானால் 1956-க்குப் போக வேண்டும்.

கணக்கு எழுதப் பிறந்த வன்தட்டு

1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் ரேமாக் என்ற கணினியை அறிமுகம் செய்தது. உலகில் விற்பனைக்கு வந்த முதல் வன்தட்டு அதில்தான் இருந்தது. ரேமாக் என்ற பெயரில் உள்ள ஓர் எழுத்து 'அக்கவுண்டிங்' என்பதைக் குறிக்கிறது. காமர்ஸ் மாணவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்! துளை அட்டைகளைக் கட்டுக் கட்டாக ஓட்டாமல், வேண்டிய கணக்கை நேராக எடுத்துப் பதிவு செய்வதே அதன் நோக்கம். 24 அங்குல விட்டத்தில் 50 தட்டுகள். எடை சுமார் ஒரு டன். கொள்ளளவோ வெறும் 50 லட்சம் எழுத்துகள். தட்டுகள் நிமிடத்துக்கு 1200 முறை சுழன்றன.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007-ல், ஹிட்டாச்சி நிறுவனம் ஒரு டெராபைட் வன்தட்டை வெளியிட்டது. கொள்ளளவு சுமார் 2 லட்சம் மடங்கு கூடிவிட்டது. ஆனால் சுழலும் வேகம்? நிமிடத்துக்கு 7200. அதாவது 6 மடங்குதான்!

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. தட்டு ஒருமுறை சுற்ற 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். படிக்கும் முனை நகர வேண்டும், உரிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இதனால் அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்குச் சுமார் 80 முறைதான் எடுக்க முடியும். ரேம் நினைவகம் இதைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேகமானது.

கட்டிங் டேபிளும் குடோனும்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளலாம். கட்டிங் டேபிள்தான் ரேம். துணி ரோல்கள் அடுக்கிய குடோன்தான் வன்தட்டு. ரோல்களைத் தூக்கி வரும் ஹெல்பர்தான் அந்த மினுக்கும் விளக்கு.

ஒரே டேபிளில் நான்கு ஆர்டரை வெட்டச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு ரோலைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தால்தான் அடுத்ததை விரிக்க இடம் கிடைக்கும். ஹெல்பர் நாள் முழுக்க ஓடுவார், கட்டிங் மாஸ்டர் சும்மா நிற்பார். பார்ப்பவருக்கு வேலை மும்முரமாக நடப்பதுபோல் தெரியும். மாலையில் எண்ணிப் பார்த்தால் பீஸ் இருக்காது.

இது கற்பனை ஒப்புமைதான். ஆனால் கணினியில் இது உண்மையிலேயே நடந்தது. 1962-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கணினியில், விலை உயர்ந்த நினைவகம் போதாதபோது காந்த உருளையை அதன் நீட்சியாகப் பயன்படுத்தினார்கள். அதுவே மெய்நிகர் நினைவகத்தின் தொடக்கம். அளவு மீறினால் இந்த ஏற்பாடே கணினியை முடக்கிவிடும் என்பதை 1968-ல் பீட்டர் டென்னிங் விளக்கினார். ஒவ்வொரு நிரலுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு இடம் தேவை, அது கிடைக்காவிட்டால் ஓட்டம்தான் மிஞ்சும் என்றார். தீர்வு இரண்டே இரண்டு: ஆர்டரைக் குறைப்பது, அல்லது டேபிளைப் பெரிதாக்குவது.

விஸ்டா செய்த மாற்றம்

2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, வேறொரு வகை ஓட்டத்தைச் சேர்த்தது. கணினி சும்மா இருக்கும் நேரத்தில் கோப்புகளையெல்லாம் படித்துத் தேடல் அட்டவணை தயாரித்தது. சூப்பர்ஃபெட்ச் என்ற வசதி, அடிக்கடி பயன்படும் மென்பொருள்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றியது. வாரம் ஒருமுறை, புதன்கிழமை இரவு 1 மணிக்கு, சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தியது. ஹெல்பர் டீ நேரத்தில் ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதுவதும், நாளைக்கு வேண்டிய ரோலை டேபிள் அருகே எடுத்து வைப்பதும் போன்ற வேலை இது. வேலை நல்லதுதான்.

ஆனால் நம்மூர் வீடுகளில் இரவு 1 மணிக்குக் கணினியை ஓடவிடுபவர் யார்? தவறிய வேலை, அடுத்து கணினி சும்மா இருக்கும்போது தொடங்கும். போதாக்குறைக்கு 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டைப் பார்த்தது. ஒரு மணி நேரம் மட்டும் ஓடி நிற்கும் கணினிக்கு இந்த வேலைகள் முடிய நாள் கணக்கில் ஆகும். விளக்கு அணையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் விலை. விஸ்டாவின் குறைந்தபட்சத் தேவை 512 எம்.பி. ரேம், ஹோம் பிரீமியம் பதிப்புக்கு 1 ஜி.பி. விலையைக் குறைக்க ரேமைக் குறைத்த கணினிகளில் டென்னிங் சொன்ன பழைய நோயும் சேர்ந்துகொண்டது. போதிய திறன் இல்லாத கணினிகளுக்கும் 'விஸ்டா கேப்பபிள்' ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று மைக்ரோசாப்ட் மீது அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2008-ல் அது கூட்டு வழக்காக ஏற்கப்பட்டது, 2009-ல் அந்தத் தகுதி நீக்கப்பட்டது.

எப்படிப் பிரித்தறிவது?

இரண்டு ஓட்டத்துக்கும் விளக்கு ஒன்றுதான். ஆனால் பிரித்தறிய வழி உண்டு.

1. வேலையைத் தொடங்கியதும் விளக்கு அடங்கினால் அது ஸ்டாக் ரிஜிஸ்டர் வேலை. சில நாள் கணினியை ஓடவிட்டால் பெரும்பாலும் தானே குறையும்.

2. மென்பொருள்களைத் திறக்கத் திறக்க ஓட்டம் கூடி, கணினி திணறினால் டேபிள் சிறியது. ரேம் சேர்ப்பதே மருந்து.

3. எந்த நிரல் தட்டைப் படிக்கிறது என்பதை ரிசோர்ஸ் மானிட்டரில் பெயரோடு பார்க்கலாம். ஆன்டிவைரஸ் சோதனையா, வேண்டாத நிரலா என்பது அங்கே தெரிந்துவிடும்.

4. சீராக 'டிக் டிக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. முதலில் கோப்புகளை நகல் எடுக்க வேண்டும்.

பயந்துபோய் உடனே பார்மட் செய்வதுதான் மிகப் பெரிய நஷ்டம். நகல் எடுக்காத குடும்பப் புகைப்படங்களும் கணக்குகளும் போய்விடும். அட்டவணை வேலையோ முதலிலிருந்து தொடங்கும். மறுநாளும் விளக்கு மினுக்கும்!

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வந்த பிறகு கரகர சத்தம் மறைந்துவிட்டது. பல மடிக்கணினிகளில் அந்த விளக்கே இல்லை. பின்னணி வேலைகள் மட்டும் நிற்கவில்லை, கண்ணுக்கும் காதுக்கும் தெரியாமல் நடக்கின்றன. விளக்கு எரிவது பழுதுக்குச் சாட்சி அல்ல. யார் ஓடுகிறார்கள், எதற்காக ஓடுகிறார்கள் என்று பார்த்த பிறகே தீர்ப்பு சொல்ல வேண்டும்.